ஐந்து நாள் அவகாசம்

பீல் நகரில், மாட்ரெட்ச் பக்கம்,
எங்கள் அடுக்குமாடியின் அடியில் ஒரு பங்கர் இருக்கிறது.
கதவின் தடிப்பு
என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.
நாற்பது வருடமாக அதற்குள்
பனிச்சறுக்குக் கட்டைகள், கால் உடைந்த தொட்டில்,
யாரோ மறந்துபோன வைன் போத்தல்கள்.
வராத யுத்தத்துக்குக்
காற்று வடிகட்டியும் வைத்திருக்கிறார்கள்,
மின்சாரம் போனால் கையால் சுற்றலாம்.

அதை ஒரு பொது வழிபாட்டு அறையாக்குவோம் என்றவள்
மூன்றாம் மாடி உர்சினா, தபால்காரி.
உலகத்தின் அமைதிக்கென்று ஓர் அறை.
எந்தச் சாமியின் பெயரும் கதவில் வேண்டாம்.
எல்லோரும் தலையாட்டினோம்.
பிறகு ஏழு மாதம் சண்டை பிடித்தோம்.

செருப்பைக் கழற்றுவதா, இல்லையா.
மெழுகுதிரி சரி, கற்பூரம் கூடாது.
தெக்லே எரித்திரியச் சாம்பிராணி கொண்டுவந்தார்,
வடிகட்டி அடைத்துக்கொண்டது.
சின்ன மணி ஒன்று கட்டலாம் என்றார் மிலோயே.
மணி அடித்தால் வரமாட்டேன் என்றாள் பெசார்ட்டா.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
மிலோயே மணியைத் துணியில் சுற்றி
வீட்டுக்கு எடுத்துப் போனார்.

படம் வேண்டாம், சிலை வேண்டாம் என்று முடிவானபோது
நானும் கை உயர்த்தினேன்.
அன்றிரவே இறங்கிப் போய்
காற்றுக் குழாயின் பின்னால்
மஞ்சளில் பிடித்து வைத்தேன், சுண்டுவிரல் அளவு.
ஒரு மாதம் கழித்து உர்சினா சொன்னாள்:
குழாய் துருப்பிடிக்கிறது போல, மஞ்சளாக ஏதோ.

சோமவீரவும் வந்தார், அடுத்த வாசல்காரர்.
உங்கள் நாட்டவர் என்று
உர்சினா மகிழ்ச்சியாக அறிமுகம் செய்தாள்.
நாங்கள் இருவரும்
ஜெர்மனில் வணக்கம் சொல்லிக்கொண்டோம்.
அவர் தரையைத் துடைத்தார், நான் சுவரை.
வாளித் தண்ணீர் ஒன்றுதான்.

அறையை அளக்க நகரசபையிலிருந்து
ஹேர் ஸ்டூடர் வந்தார், கையில் லேசர்க் கருவி.
வெள்ளை அடிக்கலாம். கம்பளம் விரிக்கலாம்.
கதவைக் கழற்ற முடியாது.
உள்ளே வைப்பதெல்லாம் அகற்றக்கூடியதாக இருக்கவேண்டும்.
உத்தரவு வந்தால்
ஐந்து நாளுக்குள் இது மறுபடி பங்கர்.

உர்சினா அழுதுவிட்டாள்.
அமைதியை ஐந்து நாளில் காலி செய்யவேண்டுமா என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
ஐந்து நாள்!
இரைச்சல் கேட்பதற்கும் குழிக்குள் விழுவதற்கும் நடுவே
எங்களுக்கு ஒரு மூச்சு இருந்தது,
சிலவேளை அதுவும் பாதி.
பனங்குற்றி அடுக்கி, மேலே மூட்டை அடுக்கி,
சாக்கு முடிந்ததும் சேலைகளைத் தைத்தோம்.
என் கூறைச்சேலைக்குள்
எத்தனை மண்வெட்டி மணல் கொள்ளும் என்று
எனக்குத் தெரியும்.
ஸ்டூடர், உங்கள் படிவத்தில்
அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா?

முதல் வியாழன், பதினொரு பேர்.
கதவு தன்பாட்டில் மூடிக்கொண்டே வந்தது.
மரக்கட்டை வைத்தோம், வழுக்கியது.
பெசார்ட்டாவுக்கு மூச்சு முட்டியது, எழுந்து போனாள்.

அடுத்த வியாழனுக்குள்
பச்சை நைலெக்ஸ் சேலை ஒன்றைக் கிழித்துத்
தைத்து, ஏரிக்கரை மணலை நிரப்பி,
வாயைக் கட்டிக்
கதவின் அடியில் போட்டேன்.
கதவு அசையவில்லை.

சோமவீர குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
எங்கே பழகினீர்கள் என்று கேட்கவில்லை.
எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று
நானும் கேட்கவில்லை.
உள்ளே போய் உட்கார்ந்தோம், இரண்டு கதிரை தள்ளி.
பெசார்ட்டா வந்திருந்தாள், வாசலோரம்,
குளிரங்கியைக் கழற்றாமல்.

இந்த வருடம் பரிசோதனைக்கு வந்த ஸ்டூடர்
பட்டியலில் எழுதிப்போனார்:
கதிரைகள், பதினாறு. கம்பளம், ஒன்று.
மணல்மூட்டை, ஒன்று, பச்சை.
அகற்றக்கூடியது.